ஐஸ் மிஷினுக்குப் புளி போடும் நாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்று இந்த வயதிலும் தெரியவில்லை; வாயில் வருகிறபடி எழுதிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஸ்பேர் கடைக்குக் கொடுக்கும் துண்டுச்சீட்டுதான். அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் என் வாய். விருதுநகரில் எங்கள் பிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக்குகள் கூட்டத்தில், ஐஸ் மிஷின் வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைவர் நல்ல மனிதர். மைக்கை வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சிக்குப் பேச்சு வராது, வேலைதான் வரும். எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போட்டுருவோம்" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாதி புலம்பலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுதுல்ல?

இந்தத் தொழிலில் என் ஆயுளைக் குறைத்த வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'ஓடுதுல்ல?'

"ஐஸ் சின்னச் சின்னதா விழுதே, கவனிச்சீகளா?"

"ஓடுதுல்ல அண்ணாச்சி?"

"கம்ப்ரஸரைத் தொட முடியல. இப்படிச் சுடுதே?"

"சுடட்டும். ஓடுதுல்ல?"

ஓடுவது வேறு, ஐஸ் விழுவது வேறு. அரிசி போடாத கிரைண்டரும்தான் ஓடும். அதில் தோசை சுட முடியுமா? இப்படித் திருப்பிக் கேட்கலாம் என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். கடையில் நிற்கும்போது தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

நான் சொல்வது க்யூப் ஐஸ் போடும் பெட்டி மிஷின். உள்ளே கட்டம் கட்டமாக ஒரு தகடு நிற்கும். கீழே தொட்டியில் இருக்கும் தண்ணீரைப் பம்பு தூக்கி, மேலே ஒரு குழாயின் சிறு ஓட்டைகள் வழியாகத் தகட்டின்மேல் ஓடவிடும். கட்டங்களில் தண்ணீர் உறையும். போதுமான கனம் வந்ததும் மிஷினே தகட்டை லேசாகச் சூடாக்கும். ஐஸ் பிடிவிட்டுக் கீழே உள்ள பெட்டியில் விழும். பின்பக்கம் கண்டென்ஸர். உள்ளே எடுத்த சூட்டையெல்லாம் அது ஃபேன் காற்றில் வெளியே தள்ள வேண்டும். ஆக, தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும், காற்று தடையில்லாமல் போக வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

இந்த இரண்டையும் கெடுக்க நம் ஜனங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஓட்டலில் ஆயுத பூஜைக்கு மிஷின் முழுக்கச் சந்தனம் பூசினார்கள். உள்ளே ஐஸ் பெட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஒரு சிறு கண் உண்டு. பக்தி முற்றி அந்தக் கண்ணுக்கும் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்துவிட்டார்கள். கண் மறைந்தால் பெட்டி நிரம்பிவிட்டது என்று மிஷின் நினைத்துக்கொள்ளும். அடுத்த நாள் ஐஸ் இல்லை. "பூசை போட்டும் இப்படிப் பண்ணுதே" என்று என்னிடம் வருத்தப்பட்டார் முதலாளி. இன்னொரு இடத்தில் ஐஸ் பெட்டிக்குள் மீனை வைத்துவிட்டு, ஐஸ் நாறுகிறது என்று போன் செய்தார்கள். இன்னொருவர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தகட்டின் பூச்சையே உரித்துவிட்டார். ஒட்டிக்கொண்ட ஐஸைக் கத்தியால் குத்தி, தகட்டுக்குப் பின்னால் ஓடும் குழாயை ஓட்டை போட்டவர்களை நான் எண்ணுவதே இல்லை.

ஆமத்தூர் ரோட்டுக் கடை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில், ஆமத்தூர் தாண்டி ரோட்டோரமாக ஒரு சர்பத் கடை. பேச்சியம்மா என்ற பெண் நடத்துகிறாள். அதற்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை வேலை பார்த்தவள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கும் மருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதை மாத்திரை என்போம்.

அவள் தங்கை செல்வியும் அதே கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் அவள் இருந்த அறையில் மருந்து உரசித் தீப்பிடித்துக்கொண்டது. உயிர் பிழைத்தாள். வலது கை விரல்கள் இன்றும் முழுதாக விரியாது. அந்த வாரத்தோடு அக்காவும் தங்கையும் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைப் போட்டார்கள். செல்வி இடது கையால் சர்பத் ஊற்றுவாள். அவ்வளவு வேகமாக நான் வலது கையாலும் ஊற்ற மாட்டேன்.

பேச்சியம்மாவின் வீட்டுக்காரர் கருப்பசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மதுரையில் ஒரு ஓட்டலில் கழித்துப் போட்ட ஐஸ் மிஷினை அவர்தான் வாங்கிவந்தார். தை மாதம் நான் போய் மாட்டிக் கொடுத்தேன். ஐஸ் விழுந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். வழக்கம்போல நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"தாயி, உங்களுது போர்த் தண்ணி. உப்பு ஏறும். மாசத்துக்கு ஒருக்கா மருந்து போட்டுக் கழுவணும்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவளின் முகம் சட்டென்று மாறியது.

"அதெல்லாம் வேணாம் அண்ணாச்சி."

"இல்ல தாயி, மருந்து போடலைன்னா…"

"வேணாம்னு சொல்லியாச்சுல்ல. வெறுந் தண்ணில கழுவிக்கிடுதேன்."

கருப்பசாமி இடையில் புகுந்தார். "அவ சொன்னா சொன்னதுதான். விடுங்க அண்ணாச்சி. ஓடுதுல்ல?"

வந்துவிட்டது அந்த வார்த்தை. செலவுக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பையைத் தூக்கிக் கிளம்பிவிட்டேன்.

ஈரச் சாக்கு

மாசி மாதம் அந்தப் பக்கம் போனபோது சர்பத் குடிக்க இறங்கினேன். டம்ளரைப் பார்த்ததுமே எனக்குக் குடிக்க மனம் வரவில்லை. ஐஸ் கண்ணாடி மாதிரி இல்லாமல் பால் கலந்தது மாதிரி வெளுத்திருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். நடுவில் குழி. தனித்தனியாக உதிர வேண்டியது இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இளவட்டங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் நிற்பதற்கு எத்தனையோ நாளைக்கு முன்பே ஐஸ் நம்மிடம் பேசிவிடும். வெளுத்தால் தண்ணீரில் உப்பு அதிகம். குழி விழுந்தால் தகட்டின்மேல் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. குழாய் ஓட்டைகள் அடைபடத் தொடங்கிவிட்டன, அல்லது பம்பு தளர்ந்துவிட்டது. விழ நேரமாகிறது, பாளமாக ஒட்டி விழுகிறது என்றால் தகட்டிலும் உப்பு பிடித்துவிட்டது. காதையும் வைத்துக் கேளுங்கள். பம்பு கரகரவென்று காற்றை உறிஞ்சினால் தொட்டியில் தண்ணீர் குறைவு. டம்ளரைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். பெட்டியைத் திறப்பது மீதிப் பாதிக்குத்தான்.

மிஷினைப் பார்க்கப் பின்னால் போனேன். கண்டென்ஸர் காற்று இழுக்கும் சல்லடையின்மேல் ஒரு சாக்கு, சொட்டச் சொட்ட நனைத்துத் தொங்கவிடப்பட்டிருந்தது.

"இது எதுக்குத் தாயி?"

"பின்னாடி அனலாக் கெடக்கு அண்ணாச்சி. கம்பெனியில வெயில் ஏறுச்சுன்னா ஈரச் சாக்குத்தான் போடுவோம். குளுந்து கெடக்கும்ல?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை, அந்த மிஷின் ஒரு பட்டாசு அறையாக இருந்தால். சூடு என்றால் ஈரச் சாக்கு என்று இத்தனை வருடமும் அவளுக்குப் பழக்கம். கண்டென்ஸரோ சூட்டை வெளியே தள்ளுவதற்காகவே இருப்பது. அதன் மூக்கை அடைத்தால் சூடு உள்ளேயே நிற்கும்.

சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டேன். கண்டென்ஸர் காற்று இழுக்க வேண்டும் என்றும், மருந்து போட்டே ஆகவேண்டும் என்றும் சொன்னேன். மருந்து என்றதும் அவள் டம்ளர் கழுவப் போய்விட்டாள். கருப்பசாமி ஆட்டோவில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, வேலை குறைவா? வந்த எடத்துல வேலை உண்டாக்குறீகளோ?"

சர்பத்தை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இனி இந்தக் கடைப் பக்கம் வரக்கூடாது என்று ஆமத்தூருக்குப் பிரியும் விலக்கு வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

பங்குனிப் பொங்கல்

விருதுநகர் மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நடந்து வரும். வெயில் மண்டையைப் பிளக்கும். அந்தப் பொங்கல் வியாபாரத்தில் கடை நிற்கிறதா பார்ப்பது, நிற்காவிட்டால் பொங்கல் கழித்துப் பேச்சியம்மா பழையபடி கம்பெனிக்கே போய்விடுவது என்று அவர்கள் வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். கருப்பசாமி போனில் அழைத்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. அன்று அவர் குரலில் 'ஓடுதுல்ல' இல்லை.

"அண்ணாச்சி, நின்னுபோச்சு. ஜனம் நடக்க ஆரம்பிச்சிருச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க. மனசுல எதையும் வச்சுக்காதீக."

பொங்கலுக்கு முந்தின நாள் காலை அது. போனேன். பின்பக்கம் அதே சாக்கு, இப்போது இரண்டாக மடித்து. எனக்கு வந்த கோபத்தில் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

"ஏந் தாயி, இதை எடுக்கச் சொன்னேன்ல?"

"நீங்க எங்க சொன்னீக? வாய்க்குள்ள என்னமோ முனங்குனீக, போயிட்டீக. நல்லா நனைச்சுப் போடச் சொல்லுதீகளாக்கும்னு நான் ரெண்டா மடிச்சுப் போட்டேன்."

பேசி ஆகப்போவதில்லை என்று அந்த ஈரச் சாக்கை எடுத்து என் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டிப்போய் இருமினேன். செல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, மிஷினுக்கு மூச்சு முட்டியிருக்காம்!"

"அடப் பாவி மனுசா, இதை அன்னைக்கே செஞ்சு காட்டியிருக்கலாம்ல?" என்றாள் பேச்சியம்மா.

கண்டென்ஸர் இடுக்கெல்லாம் சாக்கு நார். மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழாக வாரி எடுத்தேன். குறுக்கே தேய்த்தால் அதன் மெல்லிய இதழ்கள் மடங்கிவிடும். சூடு தாங்காமல் மிஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது, கம்ப்ரஸர் போகவில்லை. ஆறவிட்டு, பாதுகாப்பு சுவிட்சை அமுக்கிப் போட்டதும் ஓடத் தொடங்கியது. கருப்பசாமி கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் உள்ளே ஐஸ் தகட்டைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர். ஐஸ் பிடித்தது, பிடித்தது விழவில்லை.

"மருந்து போடாம முடியாது தாயி" என்றேன். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன்.

அவள் மிஷினுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் போர்மேன்.

"பேச்சி, ஒரு சர்பத் போடு. என்ன, ஐஸ் இல்லையா? பொங்கலும் அதுவுமா ஐஸ் இல்லாமச் சர்பத் கடையா? நல்ல யாவாரம்." சிரித்தார். பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார்: "விளையாட்டுக்குச் சொல்லல. சீசன் ஆர்டர் வந்து குமிஞ்சு கெடக்கு. உன் கைப்பக்குவம் யாருக்கும் வரல. பொங்கல் கழிச்சு வேனை இங்கன நிப்பாட்டச் சொல்லவா?"

கருப்பசாமி தரையைப் பார்த்தார். செல்வி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்லு" என்று போர்மேன் கிளம்பினார்.

பைக் சத்தம் தேய்ந்ததும் பேச்சியம்மா என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன மருந்து அண்ணாச்சி அது? வெடியுப்பா?"

எனக்குப் புரியவில்லை.

"கந்தகமா? அலுமினியப் பவுடரா? உரசுனா என்ன ஆகும்? தகரத்துல பட்டா? நீங்க போட்டுட்டுப் போயிருவீக. செல்விதான் நாள் முச்சூடும் அது பக்கத்துல நிக்கா. மருந்து வேணாம்னுதானே நாங்க இந்தக் கடைக்கே வந்தோம். இங்கயும் வந்து மருந்து மருந்துங்கீக."

எங்கள் மெக்கானிக் பேச்சில் கழுவுவதற்குப் போடுவது எல்லாம் மருந்துதான். மதுரையில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானோ இதே மண்ணில் பிறந்தவன். ஒரு மருந்து அறைக்காரியிடம், அதுவும் அந்தத் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தை மாதத்திலிருந்து மருந்து மருந்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருப்பசாமியும் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. நினைக்க நினைக்க யார்மேல் எரிச்சல்படுவது என்றே தெரியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். "லெமன் சால்ட்டு தாயி. எலுமிச்சை உப்பு. மிட்டாய்க்குப் போடுவாகள்ல, அது. சாப்பிடுற ரகம்." ஒரு துளி எடுத்து என் நாக்கில் வைத்துக் காட்டினேன்.

அவள் முதலில் மோந்து பார்த்தாள். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகுதான் நாக்கில் வைத்தாள். முகம் கோணியது.

"புளிக்குது."

"ஆமா. பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டு விளக்குறோம்ல? அதுதான் இது. அம்புட்டுத்தான்."

"ஏன் அண்ணாச்சி, புளின்னு ஒரு சொல்லு சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?" கண்ணில் நீர் நின்றது. சிரிப்பும் வந்தது. "புளின்னா நானே கிலோக் கணக்குல போட்டுத் தேச்சிருப்பேனே!"

அப்படித் தேய்த்துவிடவும் கூடாது என்று அவசரமாகச் சொன்னேன். தேங்காய் நார் படக்கூடாது, கம்பிப் பிரஷ் படக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, ஐஸ் பிடிக்கவிடாமல் பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். அதுவே கரைத்துவிடும். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். குழாய் ஓட்டைகளை நான் குச்சியால் குத்திச் சுத்தம் செய்ய, செல்வி தொட்டியின் அடியில் படிந்த வெள்ளைச் சேற்றை வழித்து எடுத்தாள். நல்ல தண்ணீர் விட்டு அலசி, மறுபடி அலசி, மிஷினைப் போட்டோம்.

கடை வாசலில் ஜனம் நின்று பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுப் போனது. கருப்பசாமி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தார். அவரை ஒரு இடத்தில் உட்காரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை; பேச்சியம்மாதான் சொன்னாள்.

ஐஸ் விழுந்தபோது பெட்டிக்குள் சடசடவென்று பெரிய சத்தம். செல்வி ஒரு அடி பின்னால் துள்ளினாள். மறுகணம் அவளே சிரித்துவிட்டாள். அக்கா அவள் தோளில் கை வைத்தாள்.

"எடு எடு, டம்ளரை எடு" என்று பறந்தார் கருப்பசாமி. கழுவிய பிறகு முதலில் விழுவதைக் கொட்டிவிட வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனாலும் பேச்சியம்மா கூடையில் அள்ளிக்கொண்டுபோய் ரோட்டில் கொட்டினாள். தார் கொதித்துக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு வந்த மஞ்சள் துணிக்காரர்கள் அந்த ஐஸ்மேல் ஏறி நின்று, "ஆத்தா மகராசி, நல்லாயிரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். கொட்டியது வீணாகவில்லை. நின்றவர்கள் பாதிப் பேர் அடுத்து விழுந்த ஐஸில் சர்பத் கேட்டார்கள்.

பிறகு

கம்பெனி வேன் அந்தக் கடையில் நிற்கவில்லை. போர்மேன் மட்டும் நிற்கிறார். சர்பத்துக்குக் கூடுதல் ஐஸ் கேட்டு வாங்குகிறார்.

நல்ல தண்ணீர் உள்ள ஊரில் இந்தக் கழுவலை இவ்வளவு அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. நம் பக்கத் தண்ணீருக்கு மாதம் ஒருமுறை வேண்டும். யாருக்கும் தேதி நினைவிருக்காது என்பதுதான் என் நெடுநாள் தலைவலி. பேச்சியம்மா அதற்கும் வழி செய்துவிட்டாள். தமிழ் மாதம் பிறந்தால் வாசல் கழுவுகிற மாதிரி மிஷினுக்கும் புளி. நான் இப்போது எல்லாக் கடையிலும் அதையே சொல்கிறேன். "மாசம் பொறந்தா புளி போட்டுருங்க." யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. இத்தனை வருடம் டீஸ்கேலிங், கெமிக்கல், மருந்து என்று தொண்டை வற்றக் கத்தினேனே, அத்தனையும் ஒரு புளிக்குள் அடங்கிவிட்டது.

ஆகவே தம்பிமாரே, ஐஸின் நிறத்தைப் பாருங்கள், குழியைப் பாருங்கள், விழும் நேரத்தைப் பாருங்கள், பின்பக்கம் கையை வைத்துக் காற்று வருகிறதா பாருங்கள். பார்த்ததைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன வார்த்தை அவர் காதில் என்னவாக விழுந்தது என்று ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். என்னைப் போலப் பேச்சு வராதவர்கள் மூக்கைப் பொத்தியாவது காட்டுங்கள். 'ஓடுதுல்ல' என்கிறவருக்கு மட்டும் என்னிடம் இன்னும் வழி இல்லை. யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

போன் அடிக்கிறது. ஆமத்தூர் ரோட்டுக் கடைதான். "புளி ஊறப் போட்டாச்சு, எங்க இருக்கீக?" என்று கேட்பாள். லெமன் சால்ட்டை ஊறப்போட வேண்டியதில்லை என்று எத்தனை முறை சொல்வது? மீதியை எழுதப் பொழுதில்லை.

ஆனி மாதம் ஒன்றாம் தேதி.